ரத்தக்குழாயில் சிக்கேறும் கொழுப்பு

திருவள்ளூர் மாவட்டத்து மணவூர் போன்ற ஊர்களின் டீக்கடைகளில், காலை வடைக்கு ஊற்றிய எண்ணெயே மாலை போண்டாவுக்கும் ஓடும். கறுத்து, நுரைகட்டி, சிக்கு வாடை அடிக்கும். அதில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. விதி இன்னும் வடைச்சட்டி வரை வந்து சேரவில்லை.

எண்ணெயைச் சிக்காக்கும் அதே ஆக்சிஜனேற்றம் நம் ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளும் நடக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் ‘எல்டிஎல்’ என்று வருவது கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் நுண்துகள். ரத்தத்தில் ஓடும்வரை அது அவ்வளவாகக் கெடுவதில்லை. அளவு மிகுந்தால் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும், கெடுவது அங்கேதான். பீடிப் புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் அதை விரைவுபடுத்தும். கெட்ட துகளைத் துப்புரவு செய்ய வரும் வெள்ளணுக்களுக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. தின்று தின்று உப்பி அங்கேயே மடியும். ஆண்டுக்கணக்கில் அது திட்டாகப் படிகிறது. திட்டின் மேல்தோல் கிழிந்தால் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். இதயத் தமனியில் என்றால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் என்றால் பக்கவாதம். 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது, மற்றவர்களுக்கு 59.

கெடுவதுதான் சிக்கல் என்றால், கெடாமல் காக்கும் வைட்டமின் ‘ஈ’ போதுமே? நிபுணர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். 2000-ல் வெளியான ‘ஹோப்’ ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு நாலரை ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. (மருந்துக்கடையில் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ டப்பா விற்பது மட்டும் நிற்கவில்லை.) பலன் தந்தது, துகளின் எண்ணிக்கையையே குறைக்கும் ஸ்டாடின்.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களுக்கு வருபவருக்கு 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4. மணவூர்க்காரர் திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள் உறைகட்டி வளராமல் தடுக்க இவை. மீதி 8-ம் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின்.

பக்கவாதத்துக்கு இந்த மாத்திரைகள் ஆகாது. வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டால், அது அடைப்பா, குழாய் வெடித்த கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கசிவு என்றால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகுதான் மருந்து. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், 108 வந்ததும் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகச் சொல்லுங்கள்.