உங்களுக்குத் தெரியுமா? உத்திரமேரூரிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு

● முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), ஊர்ச் சபைத் தேர்தலுக்கான குடவோலையில் பெயர் எழுதத் தகுதி என்ன, யாருக்குத் தகுதியில்லை என்பதை ஊரறியச் சுவரில் சொல்லிவிட்டன. வயது 35 முதல் 70, வரி செலுத்தும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு என்று பட்டியல் நீளும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்க்கைத் தகுதி, கட்டணம், கடைசித் தேதி அனைத்தையும் இணையதளத்தில் வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. ஏஜென்டுக்குப் பணம் கட்டி வாங்க வேண்டிய ரகசியம் அதில் எதுவும் இல்லை.

● 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பிடித்தது. பாதிக்கும் மேற்பட்டோர் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்கள்.

● இளநிலைப் படிப்புக்கு 9 முதல் 12 வரை நான்கு வகுப்பு மதிப்பெண்களையும் கேட்பார்கள். நம் வீடுகளில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் பீரோவில் பத்திரமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு பழைய பேப்பரோடு போயிருக்கும். அதையும் எடுத்து வையுங்கள்.

● நம்மிடம் இருப்பது இனிஷியல், அவர்கள் கேட்பது குடும்பப்பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து எழுதிவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எல்லா விண்ணப்பங்களிலும் எழுதுங்கள்.

● ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்வி நிலையங்கள், இளநிலைக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்த்து இடம் தருவதில்லை. இடம் கிடைத்தால், குடும்பம் கட்ட முடியாத தொகையை அவர்களே ஏற்கிறார்கள். இடம் கிடைப்பது மிக மிகக் கடினம்தான். ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கவே கூடாது என்று யாராவது சொன்னால், அது தவறு.

● 'காமன் ஆப்' என்ற ஒரே விண்ணப்பத்தில் 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். அதன் முக்கியக் கட்டுரை 650 சொல்லுக்கு மிகக் கூடாது. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல நிறையவே இருக்கிறது. இரவல் கட்டுரை வேண்டாம்.

● கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்குவது ஏன்? வங்கிகள் கடனை வசூலிக்க உதவும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. பட்டா நிலத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்கள், வங்கி மேலாளரிடம் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

● முதுநிலை, பிஎச்.டி. படிப்புக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. பட்டியல் சாதியினரோடு, நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இது நம் பகுதியில் இன்னும் பலர் காதுக்கு எட்டவில்லை என்பது வருத்தமே.

● தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, சிராகியூஸில் படித்துவிட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்ன என்று அங்கே ஆராய்ந்தவர், பிறகு வாழ்நாளெல்லாம் கிராமத் தொழில்களுக்கே உழைத்தார்.

● இடம் உறுதியானதும், மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் அனுப்பும். பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். நேர்காணல் சென்னையில், ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில்.

● பல கல்லூரிகளின் கடைசித் தேதி ஜனவரி முதல் வாரம். நம் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அதனால் பிளஸ் ஒன் தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.