கோதுமை ஆகாத பிள்ளைக்கு மலாக்காச் சமையல்

பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைக்குக் கணவன் இரவு வேலைக்கும் மனைவி பகல் வேலைக்குமாக மாறி மாறிப் போய்வர, ஆயர் குரோவில் அடுக்குமாடி வீடொன்றில் இரண்டு சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் இளந்தம்பதியர், மூத்த பிள்ளையின் தீராத வயிற்றுப்போக்குக்கும் ஏறாத எடைக்கும் இரத்தசோகைக்கும் காரணம் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே என்று வைத்தியர் சொல்லக் கேட்டவுடன், முதற்காரியமாகப் பேரங்காடிக்கு ஓடி, வெளிநாட்டு ரொட்டியும் பிஸ்கட்டும் பிரத்தியேகமாக அடுக்கப்பட்டிருக்கும் அலமாரியின் முன்னே நின்று, விலைச்சீட்டைப் பார்த்துத் திகைப்பது இன்று சகஜமாகிவிட்டது. அந்தத் திகைப்பு அநாவசியம். மலாக்காத் தமிழ் வீட்டுச் சமையலில் பெரும்பகுதி இயல்பாகவே கோதுமை கலவாதது. ஆபத்து இருப்பது, நாம் சந்தேகிக்காத சின்னஞ்சிறு டப்பாக்களிலும் போத்தல்களிலுந்தான்.

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது, இழுத்தால் நீளுகிறதும் விட்டால் சுருங்குகிறதுமான குணத்தைக் கொடுப்பது குளூட்டன். ரொட்டி சானாய் போடுகிறவர் ஓர் உருண்டையைத் தட்டி வீசி மேசையகலத்துக்கு மெல்லிய துணிபோல விரித்தும் அது பொத்துப்போகாதிருப்பதற்கு அதுவே காரணம். பார்லியிலும் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்திலும் இதற்கு இனமான புரதங்கள் உண்டு. சாமான்யமான சரீரத்துக்கு இவற்றால் யாதொரு கெடுதியும் இல்லை. சீலியாக் என்னும் நோய்க்குரிய பரம்பரைக் கூறு அமைந்த சிலருக்கோ, இப்புரதம் சிறுகுடலை அடைந்ததும், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகாரத்தின் சாரத்தை உறிஞ்சும் பொருட்டு அச்சுவரில் நெருங்கி நிற்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிட, பிள்ளை எவ்வளவு உண்டாலும் உடம்பில் ஒட்டாமற்போகிறது. இந்நோய்க்கு மாத்திரை கிடையாது; ஆயுள் பரியந்தம் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை.

இதைக் கண்டறிந்த சரித்திரம் ஒரு பஞ்சத்தோடு சம்பந்தப்பட்டது. வில்லம் காரெல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியர், 1930களிலிருந்தே கோதுமையின்மீது சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தில் ரொட்டியே அகப்படாமல் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோது, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறி வந்ததையும், பின்னர் ரொட்டி மீண்டும் வந்ததும் அவர்கள் பழையபடி நலிந்ததையும் கண்டு, அவர் தம் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, 1950இல் அதைத் தம் ஆராய்ச்சி நூலாக வெளியிட்டார். இது வெள்ளைக்காரர் வியாதி, நமக்கு வராது என்ற எண்ணம் இந்நாட்டில் நெடுங்காலம் இருந்து வந்தது. ஆனால் ஆரோக்கியமாகத் தோன்றிய மலேசிய இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், 1.25 சதவீதத்தினரிடம் இந்நோய்க்கு அடையாளமான எதிர்ப்பொருள்கள் தென்பட்டன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரும் அதில் அடக்கம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. இரத்தச் சோதனையும், தேவைப்பட்டால் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனையும், பிள்ளை வழக்கம்போல் கோதுமை உண்டுவரும்போதுதான் உண்மையைக் காட்டும். நிறுத்திய பிறகு சோதித்தால் நோயிருந்தும் இல்லையென்று வரக்கூடும். வைத்தியர் தீர்மானமாகச் சொன்ன பிற்பாடு விலக்கினால் போதும். வீட்டில் மற்றவர்கள் மோஸ்தருக்காக விலக்குவதில் பிரயோசனம் ஒன்றையும் நான் காணவில்லை.

இனி நம் அடுப்பைப் பார்ப்போம். மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. வருவது முழுவதும் இறக்குமதி. அப்படியிருந்தும், அரசாங்கத்தின் உதவித்தொகையால் கிலோ 1.35 ரிங்கிட் என்ற விலைக்குக் கோதுமை மாவு நெடுங்காலம் கிடைத்து வந்ததால், ரொட்டி சானாயும் மீயும் பிஸ்கட்டும் நம் பசியாறலில் நிலையான இடத்தைப் பிடித்துக்கொண்டன. இனிப்புநீர் கண்டவர்கள் இரவில் சப்பாத்திக்கு மாறியதும் சேர்ந்துகொண்டது. ஆயினும் இட்லி, தோசை, புட்டு, இடியப்பம், ஆப்பம், கொழுக்கட்டை, சோறு, கஞ்சி என்று எண்ணிப் பார்த்தால், கோதுமை நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியே தவிர வீட்டுக்காரன் அல்லன் என்பது விளங்கும்.

மலாக்காவுக்கு இன்னுமொரு விசேஷம் உண்டு. பால்மரம் வருவதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இம்மாநிலத்தின் பெரும்பயிராக இருந்தது மரவள்ளிக்கிழங்கு. 1896இல் டான் சாய் யான் என்ற சீனப் பிரமுகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பின்னர் புக்கிட் அசாஹானில் பெரிய தோட்டம் கண்ட பிறகே காடு பால்மரமாக மாறியது. ஜப்பானியர் காலத்தில் அரிசி அருகிப்போன 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், லயத்துக் குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது அதே கிழங்குதான். அந்தக் கசப்பான ஞாபகத்தினாலேயே பழைய தலைமுறையினரில் பலர் அதைக் கண்டால் முகஞ்சுளிப்பர். ஆனால் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, வெந்த நீரை வடித்துவிட்டு, கடுகும் வரமிளகாயும் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால், வேலைவிட்டு வரும் தாய்க்கு அரைமணி நேரத்தில் ஒரு வேளை ஆகாரம் ஆயிற்று. கிழங்கைப் பச்சையாக மட்டும் தொடவேண்டாம்; அதிலுள்ள நச்சு வேகும்போதுதான் நீங்கும்.

குளூட்டன் இல்லாமல் மாவு எப்படி உப்பும், எப்படிப் பிடித்து நிற்கும் என்று கேட்பார்கள். ரொட்டியில் குளூட்டன் செய்கிற வேலையை இட்லியில் உளுந்து செய்கிறது. உளுந்தின் வழவழப்பான பசையும் புரதமும் சேர்ந்து, புளிக்கும்போது நுண்ணுயிர்கள் விடுகிற வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இடியப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் உபாயம் வேறு: அரிசி மாவில் கொதிநீரை ஊற்றும்போது மாவுச்சத்து பாதி வெந்து தானே பசையாகிவிடுகிறது, ஆறின நீர் ஊற்றிய மாவு உதிர்ந்துபோவது இதனால்தான். கேழ்வரகு ரொட்டி தட்டும்போதும் வெந்நீரே கைகொடுக்கும்.

நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாவாட்டிவிடலாம். மலாக்காவின் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும். பொங்கியவுடனே குளிர்பெட்டியில் வைக்கவேண்டும், விடியும்வரை வெளியே விட்டால் புளித்து நாறும். திங்களும் செவ்வாயும் இட்லி, பிறகு தோசை, வாரக் கடைசியில் மிஞ்சிய புளித்த மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுக் குழிப்பணியாரம். இரவு வேலை முடிந்து காலையில் வருகிற தகப்பனுக்கும் இது சௌகரியம்: தோசைக்கல்லைச் சூடேற்றத் தெரிந்தால் போதும், பிள்ளை பசியாறிப் பள்ளிக்குப் போய்விடும். சந்தை நாளில் கங்கோங், சாயோர் மானிஸ், முருங்கை என்று கீரை மாற்றி மாற்றி வாங்குவது அவசியம். வெறும் அரிசியையே நம்பினால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்துபோகும். குடல் தேறி வருகிற பிள்ளைக்குக் கேழ்வரகு மிக உகந்தது. நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து அதில் உண்டு. ஜாலான் பெண்டஹாரா பக்கத்து மளிகைக் கடைகளில் கிடைக்கும். ஆனால் கோதுமையும் அரைக்கிற ஆலையில் அரைத்த மாவாக வாங்காமல், முழுத் தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டில் அரைப்பது உத்தமம்.

நாலு பருவம் இல்லாத இந்தப் பூமியில் பருவத்துக்கேற்ற சமையல் ஏது என்று சிலர் நினைக்கலாம். நமக்குப் பருவத்தைச் சொல்லுவது பஞ்சாங்கமும் பழமரமுமே. ஆனி, ஆடியில் டுரியானும் ரம்புத்தானும் சம்பெடாக்கும் சாலையோரத்தில் குவியும்போது, காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள், தமிழ்ப்பேச்சை மறந்தும் முன்னோரை மறவாமல், பழங்களைப் படைத்துப் பர்ச்சு என்னும் வழிபாடு செய்கிறார்கள். தைப்பொங்கலுக்கு முந்திய போகியன்று மறுபடி ஒரு பர்ச்சு. பழக்காலத்துச் சமையலில் கோதுமைக்கு வேலையே இல்லை. சம்பெடாக் கொட்டையை உப்புப் போட்டு அவித்தால் பிள்ளைகளுக்குத் தின்பண்டம். பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் சேர்த்த குழம்பு சோற்றுக்குப் போதும். டுரியானைத் தேங்காய்ப்பாலிலும் கூலா மலாக்காவிலும் கரைத்து, ஒட்டரிசியான பூலூட் சோற்றோடு கொடுத்தால் கேக்கை எந்தப் பிள்ளையும் கேட்காது. பூலூட்டின் ஒட்டும் குணம் மாவுச்சத்தால் வருவது. அதில் குளூட்டன் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம். அதே ஆடியில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் இப்பிள்ளைகளுக்கு நல்ல ஆகாரமே.

புரட்டாசி வந்தால்தான் கவனம் வேண்டும். மாதம் முழுவதும் மச்சம் தொடாத வீடுகளில், சீன சைவக் கடைகளிலிருந்து 'சைவ ஆடு', 'சைவக் கோழி' வாங்கிப் பிரட்டல் வைப்பது வழக்கமாகியிருக்கிறது. அந்த இறைச்சியின் நாரும் மெல்லும் பதமும் எங்கிருந்து வந்தவை? கோதுமை மாவைத் தண்ணீரில் அலசி அலசி மாவுச்சத்தைப் போக்கியபின் மிஞ்சுகிற குளூட்டனேதான் அவற்றில் பலவற்றுக்கு மூலப்பொருள். சோயா அதனோடு சேரும். சீலியாக் பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட பதார்த்தம் வேறு இல்லை. தௌஃபு, தெம்பே, மொச்சை, காளான் என்று போனால் புரட்டாசி இனிதே கழியும். தெம்பேயிலும் தானியக் கலப்பு இல்லையென்று பார்த்து வாங்கவேண்டும். தீபாவளிப் பலகாரத்தில் அரிசி முறுக்கு, நெய்யுருண்டை, அதிரசம் எல்லாம் நம் பக்கம். ஆனால் மொறுமொறுப்புக்கென்று அச்சு முறுக்கு மாவில் ஒரு கைப்பிடி கோதுமை மாவு சேர்ப்பவர்கள் உண்டு, ஆகவே கடைப் பலகாரத்தைக் கேட்காமல் தொடக்கூடாது.

சந்தேகிக்காத டப்பாக்கள் என்றேனே, அவற்றுள் முதன்மையானது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கலக்கப்படுவது பெரும்பாலும் கோதுமை மாவு. சாம்பார், இரசம், தோசைப்பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் அது புகுந்துவிடுகிறது. அரிசி மாவு கலந்ததும் உண்டு. டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்கவேண்டும், அல்லது பூண்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். அடுத்தது கீச்சாப்: சோயாவோடு கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைப்பதே வழக்கம். அதனால் மீகூனும் கொய்தியாவும் அரிசியில் செய்தவையாயினும், கடையில் கீச்சாப் ஊற்றி, மஞ்சள் மீ பிரட்டிய அதே சட்டியில் பிரட்டிய பிறகு அவை ஆகா. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் இருக்கிறது. உடம்புச் சூட்டுக்கு நாம் பிள்ளைக்குக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் விலக்கத்தக்கதே.

இதில் நமக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1985ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகளின்படி, கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் போன்ற தானியங்கள் இருந்தால் உறையில் அதைத் தெரிவிக்கவேண்டும். மலாயில் காண்டும் என்றால் கோதுமை, தெபோங் பெராஸ் என்றால் அரிசி மாவு. இரண்டையும் பிள்ளைக்கே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுப்பது நல்லது. 'குளூட்டன் இல்லாதது' என்று சர்வதேச உணவுத் தரவிதி அனுமதிப்பது, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவையே. அதாவது சப்பாத்தி மாவு தூவிய பலகையில் தட்டிய அரிசி ரொட்டிகூட எல்லையைத் தாண்டிவிடக்கூடும். தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி இவற்றைப் பிள்ளைக்கெனத் தனியே வைத்துக்கொள்வது ஆடம்பரம் அன்று. எண்ணெயும் அப்படியே, பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரிக்கக்கூடாது.

இத்தனையையும் தாய் தகப்பன் செய்துவிடுவார்கள். கெடுப்பது அன்புதான். விருந்து வீட்டில் பாட்டி, பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு, "ஒரு வாய் கேசரி தின்னா என்னாம்மா ஆவப்போவுது, புள்ள பாத்துக்கிட்டே இருக்கானே" என்பார். அந்த ஒரு வாயின் விளைவு குடலில் வாரக்கணக்கில் நிற்கும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. செங் சன்னாசிமலையில் மாசிமகத்துக்கு அன்னதானம் நடத்துகிறவர்களும், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்துக் கோயில்களில் பிரசாதம் சமைக்கிறவர்களும், எந்தப் பாத்திரத்தில் ரவையோ கோதுமையோ கூட்டுப் பெருங்காயமோ சேர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தயாராக இருந்து, சர்க்கரைப் பொங்கலையும் பெருங்காயம் போடாத சுண்டலையும் தனிக்கரண்டியில் பரிமாறினால், இப்பிள்ளைகளும் எல்லாரோடும் பந்தியில் உட்காரலாம். ஆலயக் குழுவினர் அடுத்த திருவிழாவுக்கே இதை ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.