வாடகைக் கொடையாளர் பட்டியலுக்கான இறக்குமதி வார்ப்புரு

வாடகைக் கொடையாளர் பட்டியலுக்கான இறக்குமதி வார்ப்புரு என்பது, வெளியிலிருந்து பெறப்படும் பெயர், முகவரிக் கோப்பின் எந்த நெடுவரிசை தொண்டு நிறுவனத் தரவுத்தளத்தின் எந்தப் புலத்தில் பதிய வேண்டும் என்பதை ஒருமுறை வரையறுத்துச் சேமித்து வைக்கும் அமைப்பாகும். அடுத்த கோப்பு வரும்போது அதையே மீண்டும் பயன்படுத்தலாம். அஞ்சல் வழியாக நிதி திரட்டும் வழக்கம் பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவில் இதன் தேவை மிகுதி.

பின்னணி

புதிய கொடையாளர்களைத் தேடும் நிறுவனம், பட்டியல் தரகர் மூலம் பிற தொண்டு நிறுவனங்கள் அல்லது இதழ்களின் முகவரிப் பட்டியலை வாடகைக்குப் பெறுகிறது. கட்டணம் பொதுவாக ஆயிரம் பெயர்களுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படும். வழக்கமாக ஒரு முறை கடிதம் அனுப்பும் உரிமை மட்டுமே கிடைக்கும், பெயர்கள் சொந்தமாவதில்லை. பட்டியலின் உரிமையாளர் கண்காணிப்புக்காகச் சில முகவரிகளைக் கலந்து வைப்பதுண்டு. அங்கே இரண்டாவது கடிதம் சென்றால் ஒப்பந்த மீறல் வெளிப்பட்டுவிடும்.

கொடை அனுப்பியவர்களை மட்டுமே நிறுவனம் தன் கொடையாளராகப் பதிந்துகொள்ளலாம். ஆகவே வார்ப்புரு முழுப் பட்டியலுக்காக அன்றி, மறுமொழி தந்தவர்களுக்காகவே அமைக்கப்பட வேண்டும். ஒவ்வொருவரின் மறுமொழிப் படிவத்திலும் அச்சிடப்படும் தனி எண், கொடையைப் பட்டியலில் உள்ள பெயருடன் இணைக்க உதவுகிறது.

அமைக்கும் முறை

1. கோப்பின் நெடுவரிசைகளும் அவற்றின் தலைப்புகளும் எப்போதும் ஒரே வடிவில் இருக்குமாறு அனுப்புநருடன் முடிவு செய்தல்.
2. பெயர், முகவரி, தனி எண், கொடைத் தொகை, கொடை நாள் ஆகியவற்றை உரிய புலங்களுடன் பொருத்துதல்.
3. எந்தப் பட்டியலிலிருந்து பெயர் வந்தது என்பதைக் காட்டும் மூலக் குறியீட்டுக்கு ஒரு புலம் ஒதுக்குதல்.
4. ஏற்கெனவே உள்ள கொடையாளரை அடையாளம் காணும் விதியை அமைத்தல்.
5. நாலைந்து பதிவுகளை மட்டும் ஏற்றிச் சரிபார்த்த பின் வார்ப்புருவுக்குப் பெயரிட்டுச் சேமித்தல்.

சிவிசிஆர்எம் என்னும் திறமூல மென்பொருளில் புலப் பொருத்தத்தைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். இரட்டைப் பதிவு வந்தால் விட்டுவிடுதல், புதுப்பித்தல், வெற்றுப் புலங்களை மட்டும் நிரப்புதல் ஆகிய தெரிவுகளும் அதில் உண்டு. கொடையாளர் தாமே தந்த முகவரியை வாடகைப் பட்டியலின் பழைய முகவரி அழித்துவிடாமலிருக்க, வெற்றுப் புலங்களை மட்டும் நிரப்புவதே பாதுகாப்பானது.

பொதுவான பிழைகள்

மூலக் குறியீட்டை மாறா மதிப்பாக வார்ப்புருவில் சேமிப்பது பெரும்பிழை. சென்ற முறையின் குறியீடு அப்படியே நின்றுவிட்டால், புதிய பட்டியலால் கிடைத்த கொடை பழைய பட்டியலின் கணக்கில் சேரும். எந்தப் பட்டியல் பயன் தந்தது என்பது தெரியாமல், பலனற்ற பட்டியலுக்கே மீண்டும் பணம் செலவாகும். அக்குறியீடு ஒவ்வொரு கோப்பிலும் தனி நெடுவரிசையாக வருவதே நல்லது.

அஞ்சல் குறியீடு மற்றொரு சிக்கல். பாஸ்டன் நகரின் 02108 என்னும் குறியீட்டை எக்செல் எண்ணாகக் கருதினால் முதற்சுழியம் நீங்கி 2108 ஆகிவிடும். அந்த நெடுவரிசையை எழுத்து வகையாக அமைத்தால் இது நேராது.

கடிதம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களின் குறிப்பை எந்த இறக்குமதியும் மாற்றாதவாறு, அப்புலத்தை வார்ப்புருவில் சேர்க்காமல் விட வேண்டும்.