ஒரு வண்டி, இரண்டு பேர்

ஒருவர் வாயாடி, இன்னொருவர் உம்மணாமூஞ்சி. இருவருக்கும் ஒரே ஆம்புலன்ஸில் வேலை. நகைச்சுவைத் தொடருக்கு இது போதுமே! தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-இல் தொடங்கிய 108 சேவையிலும் வண்டிக்கு இருவர்தான். ஓட்டுநருக்கு ‘பைலட்’ என்று பெயர்; நோயாளியைக் கவனிப்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர்.

முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் முந்திரித் தோப்புகளுக்கிடையே வழி கண்டுபிடிப்பது ஒருவர் பொறுப்பு. உயிரைப் பிடித்து நிறுத்துவது மற்றவர் பொறுப்பு. இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 2 நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். உடனே ஆள் மாற வேண்டும். அங்கே கோபதாபத்துக்கு இடமேது?

அந்தக் கூட்டணியில் மூன்றாவது ஆள் நீங்கள்! 108-ஐ அழைத்ததும் ஊர்ப்பெயரோடு அருகிலுள்ள கோயிலோ கடையோ சொல்லுங்கள். தெருமுனையில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள்.