சாம்பாரில் ஒரு கோழிக்கால்!

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் சின்ன ஸ்டேஷன், அனுப்பம்பட்டு. அந்தப் பக்கம் பழவேற்காட்டுக் கொடுவாயும் மடவையும் வாங்குகிறவர்களுக்குப் பெயரில் குழப்பமே கிடையாது.

ஆனால், "இந்த லிஸ்டை அப்படியே பிரெஞ்சில் போட்டுக் கொண்டாய்யா" என்று ஆபீசில் மேனேஜர் நீட்டினால்? தமிழை இங்கிலீஷாக்குவோம். இங்கிலீஷை டிக்ஷனரி வைத்து பிரெஞ்சாக்குவோம். வந்தது வம்பு!

மீன் எப்படியோ தப்பித்துவிடும். ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் மீன்களுக்கு லத்தீன் பெயரோடு பிரெஞ்சுப் பெயரும் கொடுத்து வைத்திருக்கிறது. கொடுவா அங்கே 'பெர்ஷ் பாராமுண்டி'.

மாட்டிக்கொள்வது முருங்கைக்காய்தான். இங்கிலீஷில் 'ட்ரம்ஸ்டிக்'. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் மேளம் அடிக்கிற குச்சி சாம்பாரில் மிதக்கும். டிக்ஷனரியில் அடுத்த அர்த்தத்தை எடுத்தாலோ கோழிக்கால். சுத்த சைவச் சாம்பார், அம்பேல்!

இத்தனைக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'மொரிங்கா'. சொல்லிப் பாருங்கள், நம்ம முருங்கையேதான்!

இதாவது பரவாயில்லை. 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக, பிரான்ஸ் வசமிருந்த ரீயூனியன் தீவுக்குக் கப்பலேறிய தமிழர்கள், மூட்டை முடிச்சோடு காய்கறிப் பெயர்களையும் கொண்டுபோனார்கள். அந்தத் தீவில் பீர்க்கங்காய் இன்றைக்கும் 'பிப்பாங்காய்'. கறிவேப்பிலை 'கலுபிலே'. அங்கே தொட்டுக்கொள்ளும் 'ருகாய்', நம்ம ஊறுகாயின் பேரன் என்கிறார்கள். புதுச்சேரியில் தாளிக்கிற வடகம்கூட பிரெஞ்சு சமையல்காரர்கள் கையில் 'வடுவான்' ஆகிவிட்டது. எந்தப் பெயரும் இங்கிலீஷ் வாசலை மிதிக்கவில்லை.

சிரிப்பு போதும் சார். விஷயம் கடலையில் இருக்கிறது.

பஜ்ஜிக்குக் கரைக்கும் கடலை மாவு வேறு கடலை; கடலை மிட்டாய் வேறு கடலை. நமக்கு நாக்கே சொல்லிவிடும். மொழிபெயர்க்கிறவருக்கு யார் சொல்வது? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாயை அங்கே அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் கொண்டைக்கடலைக்கான 'புவா ஷீஷ்' என்று விழுந்துவிட்டால்? வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தை நம்பி வாயில் போட்டுக்கொள்ளும். சிலருக்குத் துளி பட்டாலே மூச்சு அடைத்துவிடும், உயிரே போகலாம். அதனால்தான் ஐரோப்பிய யூனியன், லேபிளில் பளிச்சென்று காட்ட வேண்டும் என்று சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் வேர்க்கடலையையும் வைத்திருக்கிறது. நம்ம கடுகு, எள், இறாலும் அதில் உண்டு.

ஆகவே, லிஸ்ட் கைக்கு வந்தால் முதலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் லத்தீன் பெயரைக் குறியுங்கள். வேர்க்கடலை 'அராக்கிஸ் ஹைப்போஜியா', கொண்டைக்கடலை 'சைசர் அரியட்டினம்'. அதை வைத்து பிரெஞ்சைத் தேடினால் மிட்டாய்க்கு 'அராஷீட்' என்று சரியாக வந்து விழும். மேனேஜர் அவசரப்படுத்தினால், இன்னொரு நாள் டயம் கேளுங்கள்.