கடவுளின் சார்பில் ஒரு மனு

1996 நவம்பரில் சிலியின் திரைப்படத் தணிக்கைக் குழு, எட்டு ஆண்டுகளுக்கு முன் தானே தடுத்து வைத்த ஒரு படத்தைப் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் பார்க்கலாம் என்று அனுமதித்தது. மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' என்ற படம் அது. ஏழு பேர் சாந்தியாகோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இதை எதிர்த்து மனு போட்டார்கள். இயேசு கிறிஸ்துவின் சார்பிலும், கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பிலும், தங்கள் சார்பிலும் வழக்காடுவதாக அவர்கள் சொன்னார்கள். இயேசுவிடம் வக்காலத்து வாங்கியது எப்படி என்பது வேறு கதை. நீதிமன்றம் மனுவை ஏற்று 1997 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்தது. ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. படத்தில் கிறிஸ்துவின் உருவம் சிதைக்கப்பட்டுச் சிறுமைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பது நீதிபதிகள் கண்ட காரணம்.

அந்தக் காரணத்துக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: யாருடைய கிறிஸ்து? படத்துக்கு மூலமான நாவலை எழுதிய கசான்ட்சாகிஸ் வாழ்நாள் முழுவதும் கடவுளோடு மல்லுக்கட்டியவர். ஸ்கோர்செஸி கத்தோலிக்கராக வளர்ந்து, சிறுவயதில் பாதிரியாராக விரும்பியவர். இது நற்செய்தி நூல்களைத் தழுவியதல்ல என்று படம் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. சிலுவையில் தொங்கும் இயேசு, மனைவி மக்களோடு வாழ்ந்து முதுமையில் சாகும் சாதாரண வாழ்க்கையைக் கனவில் கண்டு, பின் அதை உதறிச் சாவை ஏற்பதுதான் சர்ச்சைக்குரிய பகுதி. இயேசு முழுக் கடவுள், முழு மனிதரும்கூட என்று 451-இல் கால்செடோனில் கூடிய சங்கமே அறிக்கையிட்டிருக்கிறது. அந்த 'முழு மனிதர்' என்ன பாடுபட்டிருப்பார் என்று படம் யோசிக்கிறது. அந்த யோசனை தவறாகவே இருக்கட்டும். அது ஒரே மதத்துக்குள் நடக்கும் வாதம். அதில் ஒரு தரப்பின் உருவமே சரி என்று நீதிமன்றம் முத்திரை குத்தியபோது, மறுதரப்பின் நம்பிக்கைக்கு அரசின் கதவு சாத்தப்பட்டது. மத சுதந்திரத்தைக் காட்டிப் படத்தைத் தடுப்பவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2001 பிப்ரவரி 5 அன்று வந்த தீர்ப்பு, தடை கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது என்றும், முன்தணிக்கைக்கு இடம்தரும் அரசியல் சட்டப் பிரிவையே சிலி திருத்த வேண்டும் என்றும் சொன்னது. சிலியும் அதே ஆண்டில் திருத்தியது. ஆனால் தடையால் மனசாட்சி, மத சுதந்திரங்கள் பறிபோகவில்லை என்றும் நீதிமன்றம் கூறிவிட்டது. ஒருவர் தன் மதத்தைப் பின்பற்றவோ மாற்றிக்கொள்ளவோ பரப்பவோ தடை குறுக்கே நிற்கவில்லையாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்பிக்கையை மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறது, ஆனால் மாற்றத் தூண்டக்கூடிய எதையும் பார்க்க முடியாது என்றால் அந்த உரிமைக்கு ஏட்டில் மட்டும்தான் இடம். ஒரு படத்தைப் பார்த்த பிறகும் அசையாத நம்பிக்கையும் அந்தச் சுதந்திரத்தின் விளைவுதான்.

இதற்கு நேர் எதிரான தீர்ப்பு ஐரோப்பாவில் 1994-இல் வந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஒரு சிறு கலைப்பட அரங்கம், 1985 மே மாதம் 'தாஸ் லீபஸ்கொன்ஸீல்' படத்தைத் திரையிடுவதாக அறிவித்தது. கடவுளையும் இயேசுவையும் மரியாளையும் கடுமையாகப் பகடி செய்யும் படம். இரவுக் காட்சி, பதினேழு வயதுக்குக் கீழே அனுமதியில்லை, கதை என்ன என்பதும் அறிவிப்பிலேயே இருந்தது. ஆனாலும் மறைமாவட்டம் புகார் கொடுக்க, படச்சுருள் பறிமுதலானது. இன்ஸ்ப்ரூக் அமைந்த டிரோல் மாநில மக்களில் 87 சதவீதம் கத்தோலிக்கர் என்பதைச் சுட்டி, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பறிமுதலை ஆதரித்தது. நம்பிக்கையாளரின் உணர்வு மதிக்கப்படுவதும் மத சுதந்திரத்தில் அடங்கும் என்றது. ஐரோப்பிய மனித உரிமை உடன்பாட்டில் அப்படியொரு உரிமை எழுதப்படவில்லை என்று மாறுபட்ட மூவரும் சுட்டினார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போகாத ஒருவரின் வழிபாட்டை அந்த இரவுக் காட்சி எப்படிக் குலைத்திருக்கும்? 87 சதவீதம் பேரை எவரும் கோயிலுக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. எண்ணிக்கையில் சிறியவர்களைக் காக்கத்தான் இத்தகைய உரிமைகள் எழுதப்பட்டன. இங்கே அவை பெரும்பான்மையின் கையில் போய்ச் சேர்ந்தன.

புத்தகத்தைவிடத் திரைப்படம் ஆழமாகத் தைக்கும் என்பது பழைய வாதம், கே.ஏ. அப்பாஸ் வழக்கில் 1970-இல் நம் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. வயது வரம்பு விதிக்க அது போதுமான காரணம். வளர்ந்தவர்களுக்குப் படத்தை முற்றாக மறைக்கப் போதாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மதத்தை இழிவுபடுத்தும் படம் நாளை அந்த மதத்தவர்மீது கல் விழக் காரணமாகாதா? ஆகலாம். ஒரு சமூகத்து மனிதர்களைப் பூச்சிகளாகச் சித்திரித்து வெறுப்பைக் கிளறும் படத்தைச் சட்டம் தடுத்தால் அதில் நியாயம் உண்டு. அங்கே ஆபத்து உயிருள்ளவர்களுக்கு. கோட்பாட்டையோ புராணத்தையோ கேள்வி கேட்பது வேறு. எல்லைக்கோடு சில சமயம் மங்கலாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 1988 அக்டோபரில், ஸ்கோர்செஸியின் படம் ஓடிய பாரிஸின் சாந்த் மிஷேல் திரையரங்கில் தீ வைக்கப்பட்டபோது காயமடைந்தவர்கள் படம் பார்க்க வந்தவர்கள். அங்கே ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் மங்கல் ஏதுமில்லை.

தீ வைப்பேன் என்பவருக்காகப் படத்தை நிறுத்துவது அரசின் வேலையா என்ற கேள்விக்கு விடை, 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் 1989-இலேயே கிடைத்துவிட்டது. அந்தப் படம் இட ஒதுக்கீடு பற்றியது, மதம் பற்றியதல்ல. என்றாலும், ஆர்ப்பாட்டமும் மிரட்டலும் வரும் என்பதற்காகக் கருத்துரிமையை ஒடுக்கக்கூடாது, அதைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் வகுத்த விதி எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். 2006-இல் 'தி டா வின்சி கோட்' படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனாலும் 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வெளிவரும் வேளையில் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவு போட்டார்கள். தனி நீதிபதி படத்தைத் திரையிட வழிவிட, மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. கடைசியில் உள்துறைச் செயலாளர் முன்னிலையில் கமல் ஹாசனும் முஸ்லிம் அமைப்புகளின் பிரதிநிதிகளும் பேசி, சில இடங்களை மாற்ற ஒப்புக்கொண்ட பிறகே படம் பிப்ரவரியில் இங்கே திரைக்கு வந்தது. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்பது ஓர் அலுவலக அறையில் முடிவானது. அந்த அறைக்கு வெளியே இருந்த லட்சக்கணக்கான முஸ்லிம்களில் யார் படத்தைப் பார்க்க விரும்பினார்கள், யார் விரும்பவில்லை என்று எவரும் கேட்கவில்லை.