ஒரே லூவர், ரெண்டு தீர்ப்பு

ஃபார்முலா ஒன் பார்க்கிற நம்ம கூட்டத்துக்கு நாஸ்கார் என்றாலே ஒரு இளக்காரம்தான். "வட்டமா சுத்துறாங்க, அவ்வளவுதானே?" சரி, சுத்தட்டும். ஆனா ஒரு விதியை எப்படி எழுதணும், மீறினா எப்படித் தண்டிக்கணும்னு யோசிக்கிறவங்களுக்கு அந்த வட்டத்துக்குள்ளே நிறைய சரக்கு இருக்கு.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 2022-ல் நாஸ்கார் கப் சீரிஸ் 'நெக்ஸ்ட் ஜென்' என்ற புது காருக்கு மாறியது. அதுக்கு முன்னாடி நிறைய பாகங்களை டீம்களே தயாரிச்சுப்பாங்க. இப்போ முக்கியமான பாகங்களுக்கு ஒரே ஒரு சப்ளையர். எல்லா டீமும் அங்கேதான் வாங்கணும், வாங்கினதை மாத்தக்கூடாது. செலவு குறையும், போட்டி சமமாகும் என்பது கணக்கு. அதனால அந்தப் பாகத்துல கை வெச்சா தண்டனை பலமா இருக்கும்.

2023 மார்ச்சில் ஃபீனிக்ஸ் டிராக்கில் இது வெடித்தது. அதிகாரிகள் ஐந்து கார்களின் பானெட் லூவர்களைக் கழற்றி எடுத்துட்டுப் போயிட்டாங்க. லூவர் என்பது ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றை வெளியே விடும், ஜன்னல் கம்பி மாதிரியான பாகம். காற்று எப்படி வெளியேறுது என்பதைப் பொறுத்து டவுன்ஃபோர்ஸ் மாறும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைக்காதவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

ஐந்தில் நாலு கார் ஹென்ட்ரிக் மோட்டார்ஸ்போர்ட்ஸ் டீமுடையது. நாஸ்காரின் பெரிய முதலாளிகளில் ஒருத்தர். மீதி ஒண்ணு காலிக் ரேசிங் என்ற சின்ன டீமின் 31-ஆம் நம்பர் கார், ஓட்டுனது ஜஸ்டின் ஹேலி. தண்டனை எல்லாருக்கும் ஒண்ணுதான்: காருக்கு 100 புள்ளி கழிப்பு, 10 பிளேஆஃப் புள்ளி கழிப்பு, க்ரூ சீஃப்புக்கு 1,00,000 டாலர் அபராதம், நாலு ரேஸ் சஸ்பென்ஷன். அந்த சீசனில் ஒரு சாதாரண ரேஸில் எல்லாத்தையும் அள்ளினாலே அதிகபட்சம் 60 புள்ளிதான். அப்போ 100 போச்சுன்னா எவ்வளவு பெரிய அடின்னு பாருங்க.

ரெண்டு டீமும் அப்பீல் போனாங்க. சப்ளையர் கொடுத்த பாகமே டிசைனுக்குப் பொருந்தலைன்னு ஹென்ட்ரிக் வாதாடியது. மூணு பேர் கொண்ட பேனல், மீறல் நடந்தது உண்மைதான் என்றது, அபராதத்தையும் சஸ்பென்ஷனையும் அப்படியே வெச்சது, ஆனா புள்ளிகளை முழுசாத் திருப்பிக் கொடுத்திடுச்சு. சில நாள் கழிச்சு காலிக்கின் அப்பீல், வேற மூணு பேர் கொண்ட பேனல் முன்னாடி வந்தது. ஹேலிக்குத் திரும்பக் கிடைச்சது 25 புள்ளி. மீதி 75 போனது போனதுதான்.

ஒரே வார இறுதி, ஒரே பாகம், ஒரே விதி. ஒருத்தருக்கு நூறும் திரும்ப வருது, இன்னொருத்தருக்குக் கால்வாசி. ஒரே ப்ராஜெக்டை ரெண்டு எக்ஸ்டர்னல்கிட்ட காட்டினா மார்க் மாறும்னு நமக்குத் தெரியும், ஆனா இப்படியா! ஹென்ட்ரிக்கும் காலிக்கும் பாகத்தில் செய்தது நிஜமாவே வேற வேறயா இருந்திருக்கலாம். அதை பேனல் எழுத்தில் சொல்லியிருந்தா பிரச்சனையே இல்லை. தீர்ப்பு மட்டும் வந்தது, இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வரலை. காரணம் இல்லாத இடத்தில் ரசிகர் தானே ஒரு காரணத்தை நிரப்பிப்பார், அது எப்பவும் "பெரிய டீம், சின்ன டீம்" என்பதாத்தான் இருக்கும். நாஸ்கார் அப்புறம் விதியை மாத்தி, தண்டனையின் ஒரு பகுதியை இப்படி மொத்தமா நீக்கும் அதிகாரத்தை பேனலிடமிருந்து எடுத்துக்கிச்சு. என் கருத்தில் அது பாதித் தீர்வு. முழுத் தீர்வு காரணத்தை வெளியே சொல்றதுதான்.

இத்தனைக்கும் அளக்கக்கூடிய விஷயங்களில் நாஸ்கார் நல்லாவே கறாரா இருக்கு. 2022 ஜூலையில் போகோனோவில் முதல் ரெண்டு இடம் பிடிச்ச டென்னி ஹேம்லினும் கைல் புஷ்ஷும் ரேஸ் முடிஞ்சதும் தகுதி நீக்கம் செய்யப்பட்டாங்க. முன்பக்கத்தில், ஸ்டிக்கருக்கு அடியில் 0.012 அங்குல தடிமனில் ஒரு டேப் துண்டு. கால் மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மூணாவதா வந்த சேஸ் எலியட் வெற்றியாளர் ஆனார். பாஹா, ஃபார்முலா பாரத் டீம்ல இருக்கிற நம்ம பசங்களுக்கு டெக் இன்ஸ்பெக்‌ஷனின் இந்தக் குணம் பழக்கம்தான். கோபம் வரும், ஆனா அநியாயம்னு சொல்ல முடியாது. அந்த டீமும் அப்பீல் போகலை.

சிக்கல் ஆரம்பிக்கிறது மனுஷன் மனசை அளக்கும்போது. 2023-ல் அதே ஃபீனிக்ஸ் ரேஸில் ராஸ் சாஸ்டெய்னைச் சுவர் பக்கம் தள்ளியது வேணும்னேதான்னு ஹேம்லின் தன்னோட பாட்காஸ்டிலேயே சொன்னார். 25 புள்ளி, 50,000 டாலர் காலி. வாயைத் திறக்காம இருந்திருந்தா அந்த மோதல் சாதாரண ரேஸிங்காப் போயிருக்கும். இதில் மத்த டிரைவர்கள் கத்துக்கிட்ட பாடம் என்னவா இருக்கும்? இடிக்காதே என்பதா, இடிச்சா சொல்லாதே என்பதா?

அடுத்தது 'ரைட் ஹுக்': முன்னால் போகிற காரின் வலது பின்மூலையில் தட்டி, அதை வெளிச்சுவரை நோக்கித் திருப்பிவிடுறது. ஓவல் டிராக்கின் வேகத்தில் இது உயிருக்கே ஆபத்து. 2022-ல் லாஸ் வேகஸில் இதைச் செய்த பப்பா வாலஸுக்கு ஒரு ரேஸ் சஸ்பென்ஷன். 2023-ல் சார்லட்டில் செய்த எலியட்டுக்கும் அதேதான். நாஸ்காரின் செல்லப்பிள்ளை என்று பேர் வாங்கினவர் என்பதால் அந்த முடிவுக்கு மரியாதை கிடைச்சது.

2025 மார்ச்சில் ஆஸ்டின் டிராக்கில் ஆஸ்டின் சிண்ட்ரிக் அதையே டை டில்லனுக்குச் செய்தார். கிடைச்சது 50 புள்ளி கழிப்பும் 50,000 டாலர் அபராதமும், சஸ்பென்ஷன் இல்லை. அது ரோடு கோர்ஸ், வேகம் குறைவு என்பது நாஸ்காரின் விளக்கம். நியாயமான விளக்கம்தான், விளைவைப் பார்த்துத் தண்டனை கொடுக்கிறதா முடிவு பண்ணிட்டா. ஆனா இதில் இன்னொரு கணக்கும் இருக்கு. 2023-ல் சஸ்பென்ட் ஆன எலியட்டுக்கு பிளேஆஃப் வாய்ப்பு பறிபோகாதபடி விலக்கு கொடுத்தாங்க. 2025-ல் அந்த விதி மாறிடுச்சு: அந்த சீசனில் ஒழுங்கு நடவடிக்கையால் ஒரு ரேஸைத் தவறவிட்டா சேர்த்து வெச்ச பிளேஆஃப் புள்ளிகள் போயிடும்னு இருந்தது. ஒரே வார்த்தை 'சஸ்பென்ஷன்', விலை பல மடங்கு ஏறியாச்சு. விலை ஏறினதும் அதைக் கொடுக்க நடுவர்களுக்கே கை தயங்குமா இல்லையா? சிண்ட்ரிக் அடுத்த மாசமே டாலடேகாவில் ஜெயிச்சு பிளேஆஃபுக்குள்ளே போயிட்டார்.